கரகரத்த பெட்டி

"என்னய்யா பெட்டி இது, தகர டப்பாவுல ஆணியைப் போட்டுக் குலுக்குன மாதிரி! நான் பாடுறதா, வேணாமா?" என்று மேடையிலிருந்து கையை நீட்டிக் கத்தினாள் சீனியம்மாள்.

அவ்வளவுதான். நாகமலை புதுக்கோட்டைத் திருவிழாக் கூட்டம் மொத்தமும் ஒலிபெருக்கிக்காரன் மைக்கேல்ராஜ் பக்கம் திரும்பியது. மைக்கும் பெட்டியும் அந்தப் பக்கத்துக்கே புதுசு. ஒரு செருப்பு பறந்து போய்ப் பெட்டிமேல் விழுந்தது.

"அந்தக் கொரலக் கேக்க ஒத்தக்கடையிலருந்து வண்டி கட்டி வந்தோம்டா! பாழாப்போன பெட்டி அம்புட்டையும் கெடுத்துருச்சே!" என்றான் ஒருவன்.

விழாத் தலைவர் விருமாண்டி எழுந்து வந்து மைக்கேல்ராஜைப் பளாரென்று அறைந்தார். "இனிமே இந்தச் சுத்துப்பட்டியில எவன் ஒன்னையக் கூப்புடுறான்னு பாத்துருவோம்!"

மைக்கேல்ராஜ் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றான். 

பொழுது சாயுமுன்பே கச்சேரி பாதியில் கலைந்தது. "பெட்டி சரியில்லாட்டி நீ என்ன தாயி செய்வ? ஒன் பாட்டுக்கு ஒரு கொறையும் இல்ல" என்று பெண்கள் சீனியம்மாளுக்கு ஆறுதல் சொல்லிப் போனார்கள். ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்கு ஊசியாய்க் குத்தியது.

அவளுக்கல்லவா தெரியும்! தொண்டை கெட்டு மூன்று மாதமாகிறது. பாடவே கூடாதென்று வைத்தியர் சொல்லியிருந்தார். இருபது வருடப் பேர் போய்விடுமே என்ற பயத்தில் யாரிடமும் மூச்சு விடாமல் வந்துவிட்டாள்.

அன்றைக்கு மத்தியானம், மைக்கேல்ராஜைத் தவிர ஆளில்லாத திடலில், தானே ஆர்மோனியம் வாசித்து, மைக்கைச் சோதிக்க இரண்டு வரி பாடினாள். பெட்டியில் ஆர்மோனியம் வெண்கல மணியாட்டம் கேட்டது. அவள் குரல்தான் மேலே போனதும் பிசிறடித்தது.

மைக்கேல்ராஜ் நிமிர்ந்து பார்த்தான். "ஒங்க பாட்டு மேல உள்ள பித்துலதேன்க்கா இந்தத் தொழிலுக்கே வந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டிக்குப் பின்னால் போய்விட்டான்.

சாயங்காலம் அவள் வாயைத் திறக்கும் முன்பே ஆர்மோனியமும் மத்தளமும் கரகரத்தன. சாமியாகப் பார்த்துக் கொடுத்த சாக்கு என்று பிடித்துக்கொண்டாள். தன் குரல் முதல் தடவை உடைந்ததுமே பெட்டியைக் கை காட்டிவிட்டாள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்த அறை தன் கன்னத்தில் விழுந்திருக்க வேண்டியது என்று நினைக்க நினைக்க அவளால் உட்கார முடியவில்லை. எழுந்து போனாள்.

மைக்கேல்ராஜ் பாட்டரியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். கன்னத்தில் நாலு விரலும் பதிந்திருந்தன.

"தம்பி, என்னைய மன்னிச்சிரு" என்றாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதைதேன் நான் செஞ்சது. ஒன் பெட்டி நல்லா இருந்திருந்தாலும் இன்னைக்கு என் பாட்டு இந்த லட்சணந்தேன். என் தொண்டை போயிருச்சு."

அவன் பாட்டரியை வண்டிக்குள் தள்ளி வைத்தான்.

"வா, விருமாண்டி அண்ணேகிட்ட உள்ளதச் சொல்லிருவோம்."

"வேணாம்க்கா."

"என்னடா வேணாம்? என் பேரு போனாப் போயிட்டுப் போகுது. செய்யாத தப்புக்கு நீ அடி வாங்கியிருக்க, ஒன் பொழப்பும் போகப்போகுது!"

"செய்யாத தப்பு இல்லக்கா" என்று மைக்கேல்ராஜ் பெட்டியைத் திருப்பிக் காட்டினான். உள்ளே ஓசையைக் கொடுக்கும் காகிதக் கூம்பு மேலிருந்து கீழ்வரை, நூல் பிடித்தாற்போல் நேராகக் கிழிந்திருந்தது.

"மத்தியானம் நீங்க பாடிட்டுப் போனதும் நாந்தேன்க்கா பிளேடை வச்சுக் கிழிச்சேன்."