உதாரணம் ஒன்று போதும்

"உங்க நாத்தனார் லெட்டர் பிரமாதம்மா. அவங்களுக்கு இப்படி எழுத யார் சொல்லிக்கொடுத்தாங்க?" என்று மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி கேட்டதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

நான்தான் சார் என்று சொல்லிவிட்டாள்.

கொஞ்சம் அடக்கி வாசித்திருக்கலாம். ஆனால் அந்த அறையில் பாராட்டு விழுவது அத்தி பூத்தாற்போலத்தான்.

ஆர்டர் எடுக்கும் மேசையில் அவளுக்கு உதவியாக ஓர் ஆள் தேவை என்று முதலாளி விளம்பரம் கொடுத்திருந்தார். வீட்டில் நாத்தனார் படித்துவிட்டுச் சும்மா இருந்தாள். கையில் ஆளை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடுவானேன் என்று இவள்தான் அவளை விண்ணப்பிக்கச் சொன்னாள்.

போன வாரம் ஒரு காலையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இருவரும் கவர் லெட்டர் எழுதினார்கள். நாத்தனார் எழுதி வைத்திருந்ததில் கடின உழைப்பாளி, நேர்மையானவள், பொறுமைசாலி என்று ஒரு பக்கம் ஓடியது. வேலை கேட்கிறாயா, மாப்பிள்ளை கேட்கிறாயா என்று கேலி செய்துகொண்டே இவள் அத்தனையையும் அடித்தாள்.

உன்னைப் பற்றி அளக்காதே. கண்ணாடிக் கடையில் நடக்கக்கூடிய ஒரு தவறைச் சொல். நீ இருந்தால் அதை எப்படித் தவிர்ப்பாய் என்று காட்டு. உதாரணம் ஒன்று போதும், முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

அந்த உதாரணத்தை எழுதுவதற்குள் இவளுக்குக் கடைக்கு நேரமாகிவிட்டது. அண்ணனைக் கேட்டு எழுதிக்கொள்கிறேன் அண்ணி என்றாள் நாத்தனார்.

கேளு கேளு, உன் அண்ணனுக்கு லென்ஸுக்கும் ஜன்னல் கண்ணாடிக்குமே வித்தியாசம் தெரியாது என்று இவள் செருப்பை மாட்டினாள். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவரும் சேர்ந்து சிரித்தார்.

முதலாளி கடிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

முதல் பத்தி அவள் சொன்னபடியே இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் உதாரணம்.

ஒரு பேருந்து ஓட்டுநரின் கண்ணாடி. ஆர்டர் எழுதியவர் வலது கண்ணின் அளவை இடதுக்கும், இடதின் அளவை வலதுக்கும் எழுதிவிடுகிறார். ஓட்டுநர் படியில் தடுக்கி விழுந்து, திரும்பி வந்து சொல்லும்போதுதான் தெரிகிறது. ஆர்டர் எழுதியவர் காதும் காதும் வைத்தாற்போல் புதிதாக ஒன்று செய்து கொடுத்துவிட்டு, முதலில் செய்தது பார்சலில் வரும்போதே உடைந்துவிட்டதாக முதலாளியிடம் சொல்லிவிடுகிறார். நான் இருந்தால் ஒவ்வோர் அளவையும் வாடிக்கையாளர் முன்னால் ஒருமுறை வாசித்துக் காட்டுவேன் என்று முடித்திருந்தாள் நாத்தனார்.

கடையின் பெயர் இல்லை. ஆளின் பெயரும் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அந்தப் பார்சலுக்காகத்தான் பழைய கூரியர்காரரை முதலாளி வாசலில் நிறுத்தி வைத்துத் திட்டி, இனிமேல் வராதே என்று அனுப்பினார். அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

"அப்போ அந்தப் பார்சல் உடையவே இல்ல?"

முதலாளி குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளைக் கதிகலங்க வைத்தது. வீட்டுக்கு மாதம் தவறாமல் வரும் சம்பளம் அவளுடையது ஒன்றுதான்.

முதலாளி கடிதத்தை மடித்து இழுப்பறைக்குள் வைத்தார். கணக்குப் பிரிவிலிருந்து ஒருவரை உள்ளே வரச் சொல்லி மணியை அடித்தார்.

நாத்தனார் மேல் ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. கைதூக்கி விட்டதற்கு இதுவா கூலி? இன்று வீட்டுக்குப் போய் அவளை நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல் கேட்காமல் விடுவதில்லை.

அப்போதுதான் உறைத்தது. இது அவளுக்கு எப்படித் தெரியும்?

கடையில் ஒருவருக்கும் தெரியாது. பெற்ற தாயிடம்கூட இவள் சொன்னதில்லை. கூரியர்காரரை அனுப்பிய அன்று சாயங்காலம் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே விம்மி விம்மி அழுதபோது, ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, இது என்னைத் தாண்டிப் போகாது என்று சொன்னவர் ஒருவர்தான்.

கடையைப் பற்றி அவள் கணவருக்குத் தெரிந்த கதை அது ஒன்றுதான்.