மூன்று உப்புப் பொட்டலங்கள்

திருத்தணி மலைப்படியின் பாதிவழி மண்டபத்தில் மாத்திரை அட்டையைத் தேடிப் பாஞ்சாலி மகளின் பையைக் கவிழ்க்கிறாள். அட்டையோடு மூன்று உப்புப் பொட்டலங்களும் விழுகின்றன. மகளுக்காக உப்பில்லா விரதம் இருப்பவள் பாஞ்சாலி. மகள் சோற்றில் போட்டுக்கொள்ளத் தினமும் தனியாக மடித்துக் கொடுத்த உப்பு இது, ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. பதினாறு வயது மோனிஷா உட்காராமல் வெயிலுக்கும் நிழலுக்குமாக அலைகிறாள். கையிலிருக்கும் தண்ணீர் பாட்டில் நடுங்குகிறது. நான்கு இரவு தூங்காமல் பேசித் தீர்த்தவள், அப்புறம் பத்து நாள் சுவரைப் பார்த்தே கிடந்தவள். இருமுனை நோய் என்று சொல்லி லித்தியம் எழுதிக் கொடுத்த டாக்டர், உப்பும் தண்ணீரும் குறைந்தால் மருந்தே விஷமாகிவிடும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

“எனக்காவ நீ மட்டும் நாக்க கட்டிகினு இருக்கற. நானும் இருக்கறேன்” என்கிறாள் மோனிஷா.

பாஞ்சாலி மகளின் நடுங்கும் கையைப் பார்க்கிறாள். அட்டையை முந்தானையில் முடிந்துகொள்கிறாள். “டாக்டர கேட்டுட்டுத்தான் இனிமே மாத்திர. இப்பவே கீழ எறங்கி அவராண்ட போலாம். மொதல்ல ரெண்டு வாய் துன்னு.”

“சாமி கோச்சிக்கும்மா.”

காவடி ஒன்று அரோகரா சத்தத்தோடு அவர்களை உரசிக்கொண்டு மேலே போகிறது. பாஞ்சாலி நிமிர்ந்து பார்க்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்துத் தயிர்சோற்றில் கொட்டிப் பிசைகிறாள். முதல் கவளத்தைத் தன் வாயில் போட்டு, மகள் பார்க்க மென்று விழுங்குகிறாள். அடுத்ததை உருட்டி நீட்டுகிறாள்.

“கோச்சிக்கினா என்னாண்ட வரட்டும். ஆ காட்டு.”