கழுவாத கம்ப்யூட்டர்

கீபோர்டின் இடுக்கில் கம்பியை விட்டு நெம்பியபோது நகத்துண்டு ஒன்று எகிறி மேசைமேல் விழுந்தது. கட்டைவிரல் நகம். நுனியில் கறுப்பு. பல் டாக்டருக்குக் காலையில் சாப்பிட்டது தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

“எங்க மாமனாரோடதுதான் சார்,” என்றாள் வீட்டுக்காரி, மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு. “இந்த அறையிலயே நாள் பூரா உக்காந்திருப்பார். நகம் வெட்டுவார், பிஸ்கட் தின்பார், சிகரெட்டா ஊதித் தள்ளுவார். போய்ச் சேர்ந்துட்டார். எங்க வீட்டுக்காரரும் ஊர்ல இல்ல. இதைத் தொட எனக்குக் குமட்டுது.”

டாக்டருக்கும் குமட்டியது. ஆனால் கண் அந்தப் பெட்டியை விட்டு அகலவில்லை.

கம்ப்யூட்டரை வீட்டுக்குள்ளும் வைத்துக்கொள்ளலாம் என்று உலகம் நம்பத் தொடங்கிய காலத்துச் சாமான் அது. கீபோர்டுக்குள்ளேயே மொத்த இயந்திரமும் அடக்கம். திரைக்கு வீட்டு டிவி, சேமித்து வைக்கப் பாட்டு கேசட். மிஞ்சியிருப்பவை விரல் விட்டு எண்ணுமளவுதான். அதன் வெள்ளை உடம்பு, புகை பிடிப்பவன் பல்லைப் போல் மஞ்சளாகப் பழுத்திருந்தது.

போன வருடம் டாக்டர் இதே ரகத்தில் பளபளவென்று ஒன்றை வாங்கிக்கொண்டு, பழைய கம்ப்யூட்டர் சங்கத்தின் கண்காட்சிக்குப் போனார். அங்கே திருகாணியைக் கழற்றிப் பார்த்தார்கள். மேல் ஓடு புதிதாக அச்சில் வார்த்தது. “பல் டாக்டர் கட்டுப்பல்லை வாங்கிட்டு வந்திருக்கார்யா,” என்றார் சங்கத் தலைவர். அன்றிலிருந்து சங்கத்தில் அவர் பெயரே கட்டுப்பல்.

நாளைக்கு மறுபடியும் கண்காட்சி. அந்தப் பெயரைத் துடைக்க வேறு வழியில்லை. மேல் ஓட்டைப் புதிதாக வார்த்துவிடலாம், இத்தனை வருட அசிங்கத்தை எவன் வார்ப்பது?

நோயாளிகளின் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்து, காற்றுத் துளை வழியே நுழைத்தார். உள்ளே ஒரு கரப்பான் மல்லாந்து செத்துக் கிடந்தது. பக்கத்தில் அதன் முட்டைக்கூடு. சுருண்ட நரைமுடி, எலிப் புழுக்கை, எதுவோ கசிந்து காய்ந்த பிசுக்கு. அழுகின மீன் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது.

டாக்டர் முகத்தைச் சுளித்தார். அதற்கு நடிப்பே தேவைப்படவில்லை. உள்ளே பொங்கிய சந்தோஷத்தை மறைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

“குப்பைம்மா இது. போனாப் போகுதுன்னு நானே எடுத்துட்டுப் போறேன்.”

“விளம்பரத்துலயே போட்டிருந்தேனே சார். பொண்ணு படிக்கறா. பதிலுக்கு ஒரு லேப்டாப் வேணும்.”

பையிலிருந்து கிளினிக்கின் பழைய லேப்டாப்பை எடுத்து நீட்டினார். தட்டித் தட்டி எழுத்தெல்லாம் உதிர்ந்துபோனது. அவள் அதைச் சொத்தைக் கத்தரிக்காயைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“ஒரு குப்பையைக் கொடுத்து இன்னொரு குப்பையை வாங்கச் சொல்றீங்களா சார்? சாயங்காலம் வேற ஒருத்தர் வர்றேன்னிருக்கார். இருங்க, ஈரத்துணி போட்டு அழுத்தித் துடைச்சு வெச்சுடறேன். பார்க்க மனுஷன் சாமான் மாதிரியாவது இருக்கட்டும்.”

“தொடாதீங்க.” டாக்டரின் கை குறுக்கே பாய்ந்தது. “அதாவது… நோய் கீய் ஒட்டிக்கப் போகுதும்மா.”

“திறந்து உள்ளயாவது ஊதிவிடவா?”

“வேணாம். ஒரு தூசு நகரக் கூடாது.”

அவள் ஒன்றும் புரியாதவள்போல் ஒதுங்கி நின்றாள். டாக்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார். சுவர் பால் வெள்ளை. கூரை அதைவிட வெள்ளை. ஜன்னல் திரையில் ஒரு கறை இல்லை. இவ்வளவு சுத்தக்காரி இதை மட்டும் தொடாமல் விட்டாளே, நம் அதிர்ஷ்டம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

காருக்குப் போய்த் தன் சொந்த லேப்டாப்பை எடுத்து வந்தார். மனைவி ஆசையாக வாங்கிக் கொடுத்தது. மேலே ஒட்டிய தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. தொலைந்துபோய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

“உங்க நல்ல மனசுக்கு நீங்க நல்லா இருக்கணும் சார்,” என்றாள் அவள், லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு. அந்தக் கண்ணில் ஈரத்தைப் பார்த்து டாக்டருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஏமாற்றுகிறோமே என்று ஒரு கணம் உறுத்தியது. ஒரு கணம்தான்.

பெட்டியைப் பச்சைப் பிள்ளையை ஏந்துவதுபோல் இரண்டு கையிலும் ஏந்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கார்வரை நடந்தார். விரலெல்லாம் பிசுபிசுத்தது. அதைப் பின் சீட்டில் படுக்க வைத்து, கீழே விழாமல் பெல்ட்டையும் மாட்டினார்.

“நாளைக்குத் தெரியும், யார் கட்டுப்பல்லுன்னு,” என்று அதனிடம் சொல்லிச் சிரித்தார்.

கையைத் துடைக்கும்போதுதான் வாய்க் கண்ணாடியை மேசைமேலேயே விட்டுவந்தது ஞாபகம் வந்தது. திரும்பிப் போனார். வாசல் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. தட்டுவதற்குக் கையை ஓங்கியவர், உள்ளே அவள் குரல் கேட்டு அப்படியே நின்றார்.

“ஏங்க, தூங்கினது போதும். அடுத்த பெட்டிக்கு நகம் வெட்டிக் குடுங்க, கரப்பான் என்கிட்ட இருக்கு.”