வாசலில் இரண்டு ஜோடி

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், மழைநாளின் மங்கிய வெளிச்சம் துடைக்காமல் விட்ட தண்ணீர்போலத் தரையில் கிடக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளின் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே, விடியற்காலையில் இறந்துபோன கணவனின் மூக்குக்கண்ணாடி, சட்டை, செருப்பு. நர்ஸ் கொடுத்தாள், வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான். தம்பி வண்டி பிடிக்கப் போயிருக்கிறான். எதிரே ஒரு சின்னப் பெண்குழந்தை தனக்குள் முனகிக்கொண்டே, அவரவர் அவசரத்தில் கழற்றிவிட்டுப் போன செருப்புகளை ஜோடி சேர்த்துச் சுவரோரமாக அடுக்குகிறது. இவள் காலடியில் கிடந்ததையும் கொண்டுபோய் வைத்துவிட்டு, முகத்தை ஏறிட்டுப் பார்க்காமலே திரும்பி வந்து பைக்குள் கையை விடுகிறது. “ஐயோ, பாப்பா!” என்று அதன் அப்பா ஓடிவருகிறார். “தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இவளுக்கு ஆட்டிசம், பேச்சு வராது. செருப்பு கலைஞ்சு கிடந்தா தாங்கமாட்டா.” “எடுத்துக்கட்டும், விடுங்க” என்கிறாள் அவள். இடது குதிகால் தேய்ந்த அந்தப் பெரிய செருப்புகளைக் குழந்தை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிப்போகிறது. வரிசையின் கடைசியில் இடம் இருந்தும் அங்கே வைக்கவில்லை. நடுவில் இருந்தவற்றை நகர்த்தி, இவளுடைய ஜோடிக்குப் பக்கத்தில், வார் உரச வைக்கிறது. வீட்டுக்குள் ஆள் இருப்பதுபோல இரண்டு ஜோடியும் சேர்ந்து கிடக்கின்றன. “அக்கா, வண்டி வந்துடுச்சு. எழுந்திரு” என்று தம்பி தோளைத் தொடுகிறான். குழந்தை இன்னும் குனிந்து, மடங்கியிருந்த ஒரு வாரை விரலால் நிமிர்த்திக்கொண்டிருக்கிறது. “கொஞ்சம் இருடா” என்கிறாள். “பாப்பா இன்னும் முடிக்கல.”