நான்கு பெடல்கள்

இருவர் மிதிக்கும் அந்த நீளமான சைக்கிளில் ஹேண்டில்பாரும் பிரேக்கும் முன்னால் உட்கார்ந்திருந்த செலினிடம் இருந்தன. பின்னால் உட்கார்ந்திருந்த அவள் கணவன் இன்னாசிக்குப் பிடித்துக்கொள்ள ஒரு வெறுங்கம்பியும், பார்த்துக்கொண்டே வர அவள் முதுகும் மட்டும்தான். கல்யாணமான நாளிலிருந்தே ஏற்பாடு இதுதான் என்பதால் அவன் குறைப்பட்டுக்கொள்வதில்லை. கணவாயைத் தாண்டி இறங்கத் தொடங்கியதும் மூடுபனி சூழ்ந்தது. இடப்பக்கம் பாதாளம்; அடியில் ஆற்றின் இரைச்சல். நிறுத்தலாமென்றால் பின்னால் லாரி ஏதாவது வந்தால் பனியில் இவர்கள் இருப்பது அதற்குத் தெரியாது. மிதிக்கிற வேலை இல்லை, பெடலில் கால் வைத்திருந்தால் போதும். நான்கு பெடல்களையும் சங்கிலி பிணைத்திருந்ததால் முன்னால் கால் அசைந்தால் பின்னால் தெரியும். இப்போது தெரிந்தது நடுக்கம். எதற்கும் அஞ்சாதவளே நடுங்குகிறாள் என்றதும் இன்னாசி வெறுங்கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“பயப்படாத செலின், நான் இருக்கேன்ல?” என்றான். சொன்ன அவனுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

“நீங்க மொதல்ல கால ஆட்டாம வாங்க. இங்க உதறுது.”

“நானா? நீதானடி நடுங்குற!”

“சத்தியமா நான் இல்லீங்க. வேணும்னா ரெண்டு பேரும் காலத் தூக்கிப் பாப்போம்.”

தூக்கினார்கள். யார் காலும் படாத பெடல்கள், மழையில் நனைந்த நாய்க்குட்டி போல நடுங்கிக்கொண்டே இருந்தன.

“இங்கயுந்தாங்க,” என்றாள் செலின், அவன் கேட்காமலே.

பாதை வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டே இருந்தது. இன்னாசிக்குத்தான் மனசு கேட்கவில்லை. கால்களை இறக்கி, தட்டிக்கொடுப்பது போலப் பெடல்கள் மேல் மெதுவாக வைத்தான். சற்றுப் பொறுத்து, முன்னால் இன்னும் இரண்டு கால்கள் வந்து அமர்ந்தது சங்கிலி வழியே தெரிந்தது.