கைக்கெட்டும் தூரம்

"என்னங்க, சன்னலைச் சாத்தட்டுமா?"

சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள். கூடத்தில் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த கணவர் வாயைத் திறக்கவில்லை.

ஒன்பது ஆண்டுகள் இருவரும் ஒரு வேனுக்குள்ளேயே குடியிருந்தார்கள். அடுப்பு, படுக்கை, அவர் என எல்லாமே அவளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அப்போது கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. அவளுடைய முழங்கால் வலிக்காக வேனை விற்றுவிட்டு இந்த அடுக்குமாடி வீட்டுக்கு வந்த பிறகுதான் இந்த மௌனம். தன்னால் வேன் போன கோபம் என்று அவள் முடிவுகட்டியிருந்தாள்.

"மூஞ்சியத் தூக்கி வெச்சுக்க மூணு ரூம் கெடைச்சாச்சு! உங்களக் கட்டினதுக்கு இந்தச் சுவத்தக் கட்டியிருக்கலாம்."

அதற்கும் பதில் இல்லை. பொறுக்கமாட்டாமல் அவர் எதிரே போய் நின்றாள்.

"வேனையே திரும்ப வாங்கிடலாங்க. என் கால் வலிய நான் பாத்துக்கறேன்."

"உன் கால் வெறும் சாக்கு" என்றார் அவர். "நீ கடைக்குள்ள இருந்தப்ப ஒரு நாள் வேனைப் பின்னால எடுத்தேன். ஒரு குழந்தை நின்னிருக்கு. எல்லாரும் கத்தியிருக்காங்க, எனக்குக் கேக்கவே இல்ல. மயிரிழையில தப்பிச்சுது."

"காதா? எங்கிட்ட சொல்லலியே!"

"வெக்கமா இருந்துச்சு. வாயைப் பாத்தாத்தான் புரியுது. ஆமா, இங்க வந்ததுலேருந்து என் முதுகுக்குப் பின்னால ஏதாவது பேசினியா?"

அவள் தலை தானாகக் குனிந்தது.

"வாய்க்கு வந்தபடி பேசிட்டேங்க."

அவள் பதில் சொல்வாள் என்று அவர் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.