படாத இறக்கை

பருந்தின் நிழல் விழுந்ததும் கோழி கத்தியது. மற்றக் குஞ்சுகள் புதருக்குள் ஓடிவிட்டன. கடைக்குட்டி மட்டும் ஆடுகிற புல்லையே பார்த்துக்கொண்டு நின்றது.

கோழி பாய்ந்து போய் அதை இறக்கைக்குள் அணைத்தது. குஞ்சு நெருப்புப் பட்டதுபோல் அலறித் திமிறி, வெட்டவெளிக்கே ஓடியது.

கோழி பின்னாலேயே ஓடியது. "ஐயோ, இதுக்குப் பருந்து பயமில்லை. என் இறக்கைதான் பயம்!"

"பெத்தவ இறக்கை பிள்ளைக்குச் சுடுமாடி? நாலு கொத்து வை, தானா அடங்கும்" என்றது புதரோரம் ஒதுங்கியிருந்த வாத்து.

கோழி கொத்தவில்லை. மறுபடி புல்லைப் பார்த்து நின்றுவிட்ட குஞ்சின் மேல் படாமல் இறக்கைகளைக் குடையாக விரித்து நின்றது. பருந்து வட்டமடித்துப் போன பிறகும் மடக்கவில்லை.

புல்லைப் பார்த்தபடியே குஞ்சு மெல்லச் சாய்ந்து, தன் அலகைக் கோழியின் கால் நகத்தின்மேல் வைத்தது.

கோழிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் அசையவில்லை.